ஐந்து நிமிடத்தில் ஜோகூர்: அக்கம்பக்கக் கடையிடம் திட்டம் இருக்கிறதா?

“நாற்பத்திரண்டாயிரம் பேர் பார்த்திருக்காங்கம்மா!” என்று சொல்லி என் மாமா கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியைப் பார்த்து நாளாகியிருந்தது.

மாமா உட்லண்ட்ஸ் வட்டாரத்தில், ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்பு, தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, 1,200 வெள்ளி கொடுத்துக் கடையைப் பற்றி ஒரு டிக்டாக் காணொளி எடுக்கச் செய்தார். காணொளி நன்றாகத்தான் இருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் மசாலாப் பொட்டலங்கள், பின்னணியில் பறை, கல்லாவில் சிரித்தபடி மாமா. நான் கருத்துகளைப் படிக்கத் தொடங்கினேன். “சூப்பர் அண்ணா, மதுரையில் இருந்து பார்க்கிறேன்.” “தஞ்சாவூரில் கிளை இருக்கா?” “சிங்கப்பூர் வர விசா கிடைக்குமா அண்ணே?” முதல் ஐம்பது கருத்துகளில் சிங்கப்பூரிலிருந்து வந்தவை மூன்று. அவற்றில் ஒன்று நான் போட்டது.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வர்த்தகம் படிக்கிறேன். வகுப்பில் கற்றதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமாவின் கடையில் ஒரு வெள்ளிக்கு விற்றால் சராசரியாக 15 காசு மிஞ்சும். அப்படியானால் 1,200 வெள்ளியை ஈடுகட்ட, காணொளியால் மட்டும் 8,000 வெள்ளிக்குக் கூடுதல் விற்பனை நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. காணொளியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் யார் என்றே மாமாவுக்குத் தெரியவில்லை. யாரிடமும் அவர் கேட்கவில்லை.

இதை அவரைக் குறைசொல்ல எழுதவில்லை. சிங்கப்பூரில் உள்ள நிறுவனங்களில் ஏறக்குறைய 99 விழுக்காடு சிறிய, நடுத்தர நிறுவனங்கள். ஊழியர்களில் பத்தில் ஏழு பேர் அவற்றில்தான் வேலை பார்க்கிறார்கள். இதைப் படிக்கும் உங்களில் பலருடைய வீட்டிலும் ஒரு கடையோ, வீட்டிலிருந்தபடியே நடக்கும் ஒரு சமையல் தொழிலோ, பூ வியாபாரமோ, துணைப்பாட நிலையமோ இருக்கலாம். அங்கெல்லாம் “சந்தைப்படுத்தும் திட்டம்” என்று சொல்லிப் பாருங்கள். “அது பெரிய கம்பெனிக்கும்மா, நமக்கு எதுக்கு?” என்பார்கள். எனக்கும் அதுதான் கிடைத்தது.

நான் நேர்மாறாக நினைக்கிறேன். பெரிய நிறுவனம் ஒரு விளம்பரத்தில் தவறு செய்தால் அடுத்த காலாண்டில் சரிசெய்துகொள்ளும். மாமாவின் 1,200 வெள்ளி எந்த விளம்பர நிதியிலிருந்தும் வரவில்லை, வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து போனது. தவறு செய்ய இடமில்லாதவருக்குத்தான் முன்கூட்டியே யோசிப்பது அதிகம் தேவை.

ரயில் வருகிறது

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. உட்லண்ட்ஸ் நார்த் நிலையத்தையும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகார் நிலையத்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் சேவை 2026 டிசம்பருக்குள் தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ளது. நான்கு கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய ஐந்து நிமிடப் பயணம். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர்வரை செல்லலாம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். கடற்பாலத்தில் பேருந்துக்கு வரிசையில் நின்று களைத்த எவருக்கும் இது நல்ல செய்தி. எனக்கும்தான். ஜோகூரில் படம் பார்த்துவிட்டு ரொட்டி சானாய் சாப்பிட்டு வருவதை நான் விட்டுவிடப் போவதில்லை.

ஆனால் மாமாவின் கடைக்கு வருபவர்களில் பலர் அந்த நிலையத்துக்கு ஒரு பேருந்துத் தூரத்தில் வசிக்கிறார்கள். நாணய மாற்று விகிதம் நம் பக்கம் சாதகமாக இருப்பது தெரிந்ததே. இன்னொரு கணக்கும் உண்டு. 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளிநாடு சென்று திரும்பும் சிங்கப்பூரர் 100 வெள்ளி வரையிலான பொருள்களுக்குப் பொருள் சேவை வரி கட்டத் தேவையில்லை. 100 வெள்ளி பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம். பாசுமதி அரிசி, சமையல் எண்ணெய், சோப்புத்தூள், பிஸ்கட் என்று ஒரு குடும்பம் வாரத்துக்கு வாங்குவதை எண்ணிப் பாருங்கள். அந்த 100 வெள்ளிக்குள் ஏறக்குறைய எல்லாமே அடங்கிவிடும். மளிகைக்கடைக்கு அதுதான் முழு வியாபாரம்.

வரி இந்தப் பக்கமும் அழுத்துகிறது. பொருள் சேவை வரி 2023 ஜனவரியில் 8 விழுக்காடாகவும் 2024 ஜனவரியில் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத கடை அந்த வரிக்குப் பதிவுசெய்யத் தேவையில்லை. மாமாவின் கடையும் அப்படித்தான். “அப்படின்னா உங்களுக்கு வரியே இல்லையே” என்று நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். மொத்த வியாபாரி அனுப்பும் ரசீதில் அந்த வரி இருக்கும். பதிவுசெய்த பெரிய கடை அதைத் திரும்பக் கோரலாம், பதிவுசெய்யாத சின்னக் கடை கோர முடியாது. ஆகவே பேரங்காடியோடு விலையில் போட்டியிட முடியாது, எல்லைக்கு அப்பால் உள்ள கடையோடு நினைத்தே பார்க்க முடியாது.

பாடப்புத்தகத்தில் நாங்கள் மனப்பாடம் செய்வது நான்கு சொற்கள்: பொருள், விலை, இடம், விளம்பரம். ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960-இல் வகுத்தது. மாமாவின் கடையில் இடத்தை மாற்ற முடியாது, விலையில் மோத முடியாது. விளம்பரத்துக்குப் போட்ட பணம் மதுரைக்குப் போய்விட்டது. மிஞ்சியது பொருள். எதை விற்பது என்ற கேள்விக்குமுன் யாருக்கு விற்பது என்ற கேள்வி வருகிறது. இந்த இரண்டுக்கும் பதில் எழுதாமல் காணொளி எடுத்ததுதான் நடந்த தவறு.

பதினான்கு பக்கமும் ஒரு தராசும்

கடந்த மார்ச் விடுமுறையில் நானே திட்டம் தயாரித்துத் தருவதாக மாமாவிடம் சொன்னேன். கல்லூரி ஒப்படைப்புக்கு எழுதுவதுபோலப் பலம், பலவீனம், வாய்ப்பு, மிரட்டல் என்று கட்டம் போட்டு, வண்ண வரைபடங்களோடு 14 பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது, அது ஆடிக்கொண்டிருந்த தராசின் ஒரு காலுக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தராசு இப்போது ஆடுவதில்லை என்று மாமா நன்றி சொன்னார்.

அதில் ஒரு பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மெதுவாக விற்கும் முப்பது பொருள்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் வேகமாக விற்பவற்றை வைக்கலாம் என்று எழுதியிருந்தேன். வெற்றிலை, வசம்பு, சுக்கு, திப்பிலி, சாம்பிராணி, கட்டிக் கற்பூரம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. மாமா மறுத்துப் பேசவில்லை. “ரெண்டு வாரம் கல்லாவுல உட்காரு. யாரு என்ன வாங்குறாங்கன்னு எழுது. அப்புறம் எடுத்துடலாம்” என்றார்.

உட்கார்ந்தேன். ஒரு பயிற்சிப் புத்தகத்தில் நேரம், வாங்கியவரின் தோராய வயது, வாங்கிய பொருள், தொகை என்று நான்கு பத்திகள் வரைந்துகொண்டேன். பெயர் எதையும் எழுதவில்லை. முதல் மூன்று நாள் அலுப்பாக இருந்தது. நான்காம் நாளிலிருந்து முகங்கள் வேறு மாதிரி தெரியத் தொடங்கின.

காலை எட்டு மணிக்கு ஒரு பாட்டி வெற்றிலை வாங்க வருவார். வெற்றிலைக்கு மாமாவுக்குக் கிடைக்கும் லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை, வாடிப்போவதைக் கணக்கிட்டால் நட்டம்கூட. ஆனால் பாட்டி வெற்றிலையோடு போவதில்லை. துவரம்பருப்பு, நல்லெண்ணெய், பேரனுக்கு மைலோ என்று பதினெட்டு, இருபது வெள்ளிக்கு வாங்கிப் போவார். நான் நீக்கச் சொன்ன வெற்றிலைதான் அவரைப் பேரங்காடியைத் தாண்டி இங்கே வரவைத்தது. கணினித் தாளில் பொருள்வாரியாக மட்டும் பார்த்த எனக்கு அது தெரியவில்லை. முப்பது வருடமாகக் கல்லாவில் நிற்கும் மாமாவுக்குத் தெரியும், ஆனால் அவர் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

பாட்டிகள் ஒரு பிரிவு. ஞாயிற்றுக்கிழமை மாலை வரும் வெளிநாட்டு ஊழியர்கள் இன்னொரு பிரிவு. ஊறுகாய், தேங்காய் எண்ணெய், கைப்பேசி டாப்-அப் என்று அவர்கள் தேவை தெளிவானது. வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வுநாளில் அவர்களுக்கு நேரம்தான் பெரிது. மூன்றாவது பிரிவைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை வந்தது. முப்பது, நாற்பது வயதுக் குடும்பங்கள். அவர்கள் மாலை ஏழு மணிக்கு அவசரமாக ஓடிவந்து கறிவேப்பிலை, ஒரு தேங்காய், ஒரு பாக்கெட் இட்லிமாவு வாங்கிப் போகிறார்கள். மூன்று, நான்கு வெள்ளி. அவர்களுடைய அரிசியும் எண்ணெயும் ஏற்கெனவே வேறெங்கோ போய்விட்டன. ரயில் வந்தபிறகு போகப்போகிறவர்கள் என்று நான் நினைத்தவர்கள் முன்பே போய்விட்டிருந்தார்கள். மறந்துபோனதை வாங்கும் இடமாக மட்டும் கடை மிஞ்சியிருந்தது.

பற்றுச்சீட்டு காட்டிய பொய்க்கணக்கு

எண்ணிப் பார்த்ததில் தெரிந்த இன்னொன்று சிடிசி பற்றுச்சீட்டு. 2025 மே மாதம் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கு 500 வெள்ளியும் 2026 ஜனவரியில் 300 வெள்ளியும் கிடைத்தன. அதில் பாதி பேரங்காடிகளுக்கு, மறுபாதி உணவங்காடிக் கடைகளுக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும். மாமாவின் கடையிலும் கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தினார்கள். அந்த மாதங்களில் விற்பனை ஏறியது. “தொழில் எடுத்திடுச்சு” என்று மாமா அத்தையிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. காணொளிக்குப் பணம் கொடுத்த துணிச்சலும் அதிலிருந்துதான் வந்ததோ என்னவோ.

பற்றுச்சீட்டு விற்பனையைத் தனியாகப் பிரித்துப் பார்த்தோம். அதை எடுத்துவிட்டால் ரொக்கமும் பேநவ்வும் சேர்ந்த வழக்கமான விற்பனை மெல்லச் சரிந்துகொண்டிருந்தது. பற்றுச்சீட்டுகள் தேவையற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. அவை இல்லாவிட்டால் பல கடைகளுக்கு அந்த மாதங்கள் இன்னும் கடினமாக இருந்திருக்கும். ஆனால் பற்றுச்சீட்டு வாடிக்கையாளரை ஒருமுறை கடைக்குள் அழைத்துவரும். இரண்டாவது முறை வருவதற்கான காரணத்தைக் கடைதான் தர வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு எண்ணினால் நோய் தெரியாமல் போய்விடும்.

அரசாங்க உதவிகளையும் இதே கண்ணோடு பார்க்கிறேன். கணினி மென்பொருள், சரக்குக் கட்டமைப்பு போன்றவற்றுக்கு உற்பத்தித்திறன் தீர்வு மானியம் செலவில் பாதிவரை தருகிறது. நல்ல உதவிதான். கருவி வாங்கினால் திட்டம் தானாக வந்துவிடும் என்று நினைப்பதுதான் சிக்கல். சிங்கப்பூர் இந்திய வர்த்தக, தொழிற்சபை போன்ற அமைப்புகள் நடத்தும் சிறு, நடுத்தர நிறுவன நிலையங்களில் ஆலோசகர்களை இலவசமாகச் சந்தித்துப் பேசலாம். என்னைக் கேட்டால், மானியப் படிவத்தை நிரப்புவதற்குமுன் அங்கே ஒரு மணி நேரம் செலவிடுவது நல்லது. மாமா இன்னும் போகவில்லை. கடையை யார் பார்ப்பது என்பதுதான் அவருடைய கேள்வி. ஒரே ஆள் நடத்தும் கடையின் உண்மையான தடை அதுதான். அதற்கு என்னிடம் பதிலில்லை, விடுமுறையில் நான் உட்காருவதைத் தவிர.

ஒரு பக்கம்

இரண்டாவது திட்டம் ஒரே பக்கம். நானும் மாமாவும் கடை மூடியபிறகு, வெளியே சிமெண்டு மேசையில் உட்கார்ந்து எழுதினோம். கூட்டல் கழித்தலுக்கு அவர் பயன்படுத்தும் 555 குறிப்புப் புத்தகத்தில்தான் எழுதினோம். அந்தச் சின்னப் புத்தகத்தைத் தெரியாத இளையர்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். மளிகைக்கடைக் கடன்கணக்கு தலைமுறைகளாக அதில்தான் வாழ்கிறது.

யாருக்காக என்ற வரியில் நடந்துவரும் தூரத்தில் உள்ள பாட்டிகள், இளம் குடும்பங்கள் என்று எழுதினோம். எதை என்ற வரியில்தான் அதிக நேரம் போனது. அரிசி மூட்டையில் நாம் தோற்போம் என்று மாமா ஒத்துக்கொள்ளவே அரை மணி நேரம் ஆனது. ஜோகூரிலிருந்து யாரும் தூக்கிக்கொண்டு வராதவை, காத்திருந்தால் கெட்டுப்போகிறவை, இன்றைக்கே தேவைப்படுகிறவை எவை? அன்றைக்கு அரைத்த மாவு, கறிவேப்பிலை, துருவிய தேங்காய், வாழையிலை, வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வேண்டியவை. அரிசி, எண்ணெய் வகைகளைக் குறைத்து அந்த அலமாரியை இவற்றுக்கு ஒதுக்குவது என்று முடிவுசெய்தோம். எவ்வளவு செலவு என்ற வரியில் மாதம் 60 வெள்ளி. எப்போது நிறுத்துவது என்பதற்கும் ஒரு வரி எழுதினோம். மூன்று மாதத்தில் மாலை நேரக் குடும்பங்களின் சராசரித் தொகை ஏறாவிட்டால் வேறு யோசனை. என் 14 பக்கத்தில் இந்த வரி இல்லை. இதைத் தெரிந்திருந்தால் காணொளிக்கும் அன்றைக்கே ஓர் எல்லை வைத்திருப்போம்.

மாவில் தொடங்கினோம். முன்பு மாமா வார இறுதிக்கு முப்பது பாக்கெட் எடுப்பார், எட்டு, பத்து வீணாகும். இப்போது வியாழன் இரவுக்குள் வாட்ஸ்அப்பில் சொல்பவர்களுக்கு எடுத்து வைக்கிறார். ஏப்ரல் இறுதி வாரத்தில் 24 எடுத்து இரண்டுதான் மிஞ்சியது. விற்ற எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை, வீணாவது நின்றதுதான் லாபம். மாவு வாங்க வருபவர் சட்னிக்குத் தேங்காயும் பொட்டுக்கடலையும் சேர்த்து எடுக்கிறார்.

இங்கே நான் செய்யப்போன ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் பட்டியலுக்கு எண்கள் தேவைப்பட்டன. கடன் புத்தகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட எண்கள் இருந்தன. அவற்றை அப்படியே என் கைப்பேசியில் ஏற்றத் தொடங்கிவிட்டேன். வகுப்பில் படித்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பாதியில்தான் நினைவுக்கு வந்தது. கடன் கணக்குக்காகத் தந்த எண்ணை, அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. விளம்பரச் செய்திகள் வேண்டாம் என்பவர்களுக்கென்று “அழைக்காதீர்” பதிவேடும் இங்கு உண்டு. ஏற்றியதை அழித்துவிட்டு, கல்லாவில் ஒரு தாளை வைத்து வருபவர்களைக் கேட்டோம். 63 பேர் எழுதிக்கொடுத்தார்கள். ஒரு பாட்டி தனக்கு வாட்ஸ்அப் வேண்டாம், வெற்றிலை வந்தால் மேலே பார்த்துக் குரல் கொடுத்தால் போதும் என்றார். அவர் வீடு இரண்டாவது மாடியில். மாமா அப்படியே செய்கிறார்.

எல்லாவற்றிலும் எனக்கும் மாமாவுக்கும் ஒத்துப்போகவில்லை. கடன் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பது என் வாதம். மாதக் கடைசியில் திரும்பாத தொகை என் கணக்கில் உறுத்துகிறது. அவர் பார்வையில் கடன் என்பதே பாதி விளம்பரம். கடன் புத்தகத்தில் பெயர் உள்ளவர் வேறு கடைக்குப் போனால் அவருக்கே சங்கடமாக இருக்கும் என்கிறார். அதற்கு மறுப்புச் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்தச் சங்கடம் பாட்டியின் தலைமுறையோடு முடிந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். இளம் குடும்பங்கள் யாரும் கடன் கேட்பதில்லை.

திட்டம் இருந்தால் கடை பிழைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சில கடைகளுக்கு நேர்மையான திட்டம் சொல்லும் பதில் “மூடிவிடு” என்பதாகக்கூட இருக்கலாம். அதையும் சேமிப்பு கரைவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லதுதானே. மாமாவின் குத்தகை அக்டோபரில் முடிகிறது. உரிமையாளர் வாடகையை உயர்த்தி இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்து கேட்கிறார். முன்பென்றால் மாமா யோசிக்காமல் போட்டிருப்பார். இப்போது ஓராண்டு மட்டும் போதும் என்று கேட்டிருக்கிறார். ரயில் ஓடத் தொடங்கிய முதல் சில மாதங்களின் கணக்கைப் பார்த்துவிட்டு அடுத்ததை முடிவுசெய்யலாம் என்பது அவர் எண்ணம். உரிமையாளரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. காணொளி எடுத்தவர் மறுபடியும் அழைத்து, இம்முறை தள்ளுபடி தருவதாகச் சொன்னாராம். பார்ப்பவர்கள் உட்லண்ட்சில் இருப்பார்களா என்று மாமா கேட்டிருக்கிறார். விசாரித்துச் சொல்வதாக அவர் வைத்துவிட்டார். முறுக்கு மாவுக்கும் அதிரச மாவுக்கும் முன்பதிவுத் தாள் ஆகஸ்ட்டிலேயே கல்லாவுக்கு வந்துவிடும். அதை யார் எழுதுவது என்பதில் மட்டும் மாமா தெளிவாக இருக்கிறார்: என் கையெழுத்துதான் அழகாம்.